சைலன்சர் மாட்டாத அண்ணி

டப்பா மூடி செய்யும் ஆலையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிற அந்தப் பெண்மணியைத் தெருவில் எல்லோரும் மூடிக்காரி என்றுதான் சொல்வார்கள். ஊருக்கெல்லாம் மூடி செய்கிறவள் தன் வாய்க்கு ஒன்று செய்துகொள்ள மறந்துவிட்டாள் என்பது அந்தக் குடியிருப்பில் பழகிப்போன கேலி. அவள் குரல் அப்படி. இரண்டாம் மாடியில் நின்றுகொண்டு, "ரகசியமா ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று அவள் ஆரம்பித்தால், கீழே காய்கறி வண்டிக்காரர் தராசைத் தூக்கிய கையோடு நின்று மிச்சத்தையும் கேட்டுவிட்டுத்தான் எடை போடுவார். ஒருநாள் சமையலறையில் நின்று, "இந்த உப்பு டப்பா எங்க போச்சு?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். எதிர்க் கட்டடத்திலிருந்து, "அலமாரியில, மேல் தட்டுல பாருங்க" என்று பதில் வந்தது. பார்த்தால் உப்பு அங்கேதான் இருந்தது.

கேலி செய்தவர்கள் யாரும் அந்த ஆலைக்குள் போய்ப் பார்த்ததில்லை. பிரஸ் என்பது ஆள் உயரத்துக்கு நிற்கும் இரும்பு. ஒரு பக்கம் தகரத் தகடு உள்ளே போகும், மேலேயிருந்து அச்சு 'தொம்' என்று இறங்கும், மறுபக்கம் மூடி வந்து விழும். ஒரே கூரைக்குக் கீழே இப்படி வரிசை வரிசையாக மெஷின்கள். பக்கத்து மெஷின்காரியிடம் தண்ணீர் கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து குரல் கொடுக்க வேண்டும். இப்போது காதில் வைத்துக்கொள்ள நுரைத் திரி தருகிறார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதெல்லாம் கிடையாது.

அதனால் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. முதலில் கொசுவின் ரீங்காரம் போனது. ஊரில் கொசு ஒழிந்தது என்று அவள் சந்தோஷப்பட்டாள், கை மட்டும் ஏன் இப்படித் தடித்துப்போகிறது என்பதுதான் விளங்கவில்லை. அடுத்து, சரியாக மூடாத குழாய் சொட்டுகிற சத்தம் போனது. அதற்கடுத்து மனிதர்கள் போனார்கள். மருத்துவர் ஒரு காது மெஷின் கொடுத்தார். அதை மாட்டினால் ஆள் பேசுவதைவிடத் தட்டு கழுவுகிற சத்தம்தான் மண்டையைப் பிளந்தது. அலமாரிக்குள் போன அந்த மெஷின் அப்புறம் வெளியே வரவில்லை.

வீட்டில் யாரும் பொல்லாதவர்கள் இல்லை. அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், வாய் திறந்து பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர். கொழுந்தன் பார்சல் கொண்டு கொடுக்கிறவன். நாத்தனார் பல் மருத்துவமனையில், டாக்டர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிறவள். மூவரும் இரவுச் சாப்பாட்டின்போது எதையாவது பேசிச் சிரிப்பார்கள். "என்ன, என்ன?" என்று மூடிக்காரி கேட்பாள். இன்னொரு முறை சொல்வார்கள். கேட்காது. மூன்றாம் முறை சொல்லும்போது எந்தச் சிரிப்புக்கும் உயிர் இருக்குமா? "ஒண்ணுமில்ல, விடுங்கண்ணி" என்று தட்டுப் பக்கம் குனிந்துவிடுவார்கள். நல்ல மனிதர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷி இப்படி வருஷக்கணக்கில் தனியாகச் சாப்பிட்டாள்.

இதை மாற்றியது ஒரு துப்பாக்கி விளையாட்டு.

அண்ணன், தம்பி, தங்கை மூவருக்கும் போனில் அந்த விளையாட்டு ஆடுகிற பைத்தியம் உண்டு. நான்கு பேர் ஒரு அணி, எதிரில் இன்னொரு நான்கு பேர். பாழடைந்த கட்டடங்களுக்குள் ஓடி ஒளிந்து சுட்டுக்கொள்வார்கள். செத்தவர் அந்த ரவுண்டு முடியும்வரை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். வீட்டில் கடைக்குட்டியான நாத்தனார்தான் இதில் எல்லோருக்கும் உத்தரவு போடுகிறவள், அதனால் அவளுக்கு 'தலைவி' என்றே பெயர் ஆகிவிட்டது. நான்காவதாக ஆடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஊருக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைந்தது.

"அண்ணி, சும்மா நில்லுங்க போதும். எண்ணிக்கைக்கு ஒரு ஆள்" என்று கொழுந்தன் தன் பழைய ஹெட்செட்டை எடுத்து அவள் தலையில் கவிழ்த்து, சத்தத்தை உச்சத்தில் வைத்தான். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் மைக்கில் எதிரொலி வரும் என்று ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். தலைவி படுக்கையறை, கொழுந்தன் கூடம், வீட்டுக்காரர் பால்கனி, மூடிக்காரி சமையலறை.

ஆட்டம் தொடங்கியதும் அவளுடைய சிப்பாய் நேராகப் போய் ஒரு சுவரில் முட்டி, அங்கேயே நின்று நடந்துகொண்டிருந்தான். அப்போது அவள் காதுக்குள், தேன் ஊற்றியது போல் தெளிவாக, ஒரு ஆண் குரல் கேட்டது.

"உங்க அண்ணி சுவரோட பேச்சுவார்த்தை நடத்துறா. யாரும் குறுக்க போகாதீங்க. சுவரு எறங்கி வர்ற மாதிரி தெரியுது."

மூடிக்காரி சிரித்த சிரிப்பில் தட்டு ஸ்டாண்டில் இருந்த கரண்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

"கேட்டுச்சா உனக்கு?" என்றார் வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து.

"கேட்டுச்சே! என்னங்க, எப்பவும் இப்படியா பேசுவீங்க?"

"எப்பவும் இப்படித்தான்."

"எனக்குத் தெரியவே தெரியாதே!"

பால்கனிக் காற்று மைக்கில் இரைந்தது. பிறகு அவர் சொன்னார்: "நீ சிரிக்கறதில்லையா, நான் சொல்றது நல்லால்லன்னு நெனச்சுட்டேன்."

அன்றிலிருந்து அவளைச் சமையலறையிலிருந்து பிரிக்க முடியவில்லை, அதுவும் சமைப்பதற்காக அல்ல. ஆலை விட்டு வந்ததும் முகம் கழுவுவாள், ஹெட்செட்டை மாட்டுவாள். விளையாட்டில் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன? கொழுந்தன் பார்சல் கொடுக்கப்போன வீட்டில் நாய் விரட்டிய கதை, தலைவி தன் டாக்டரைப் போலப் பேசிக் காட்டுவது, வீட்டுக்காரர் யாருக்கும் இல்லாமல் உதிர்க்கிற வார்த்தைகள் எல்லாம் அவள் காதுக்குள்ளேயே வந்து விழுந்தன. அவள் குரலை மட்டும் அவரவர் போனில் கால்வாசிக்கு இறக்கி வைத்துக்கொண்டார்கள். அப்படியும் சுவரைத் தாண்டி நேராக வந்ததைத் தடுக்க எந்தப் பொத்தானும் இல்லை.

சண்டை வந்தது அட்டாச்மென்டால்தான்.

அந்த விளையாட்டில் துப்பாக்கியை வெறுமனே தருவார்கள். அதன் வாயில் ஒன்று, தலையில் ஒன்று, அடியில் ஒன்று என்று சாமான்களை மாட்டிக்கொள்வது நம் பாடு. குறிபார்க்க ஸ்கோப், உதறாமலிருக்கக் கைப்பிடி, குண்டு அதிகம் கொள்ள பெரிய மேகசின், சத்தம் வெளியே போகாமலிருக்க சைலன்சர். ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து வேறொன்றைப் பிடுங்கிக்கொள்ளும். பெரிய மேகசின் மாட்டினால் கால் கனக்கும். பெரிய ஸ்கோப் மாட்டினால் தூரத்து ஆளின் சட்டைப் பொத்தான் தெரியும், பக்கத்தில் நிற்கிறவன் ஆள் முழுசாகத் தெரியமாட்டான். யாரோ ஒரு பெரிய ஆட்டக்காரரின் வீடியோவைப் பார்த்து, தலைவி நான்கு பேர் துப்பாக்கிக்கும் ஒரே மாதிரி மாட்டி வைத்தாள். முதல் விதி, எல்லோருக்கும் சைலன்சர். ஏனென்றால் சைலன்சர் இல்லாமல் சுட்டால், சுட்டவர் நிற்கிற இடத்தில் எதிராளியின் மேப்பில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னிவிடும்.

மூடிக்காரிக்கு அந்த சைலன்சர் ஆகவே ஆகவில்லை. பிரஸ் முன்னால் நின்ற உடம்பு அது. 'தொம்' என்றால் வேலை நடந்தது என்று அர்த்தம். சத்தம் வராவிட்டால் அச்சு எங்கேயோ சிக்கி நிற்கிறது, எந்த நொடியும் இறங்கலாம் என்று அர்த்தம். அப்படி நின்ற ஒரு நாளில் பக்கத்து மெஷின்காரி என்னவென்று பார்க்கக் கையை நீட்டினாள். விரல் போகவில்லை, நகம் போனது. அந்த வரிசையில் நிற்கிற யாரும் அதை மறக்கவில்லை. சைலன்சர் மாட்டிய துப்பாக்கி 'புஸ்' என்று ஊதுவது அவள் காதுக்கு எட்டவே எட்டாது. சுட்டதா, சிக்கியதா என்று தெரியாமல் பயந்துபோய் அழுத்துவாள், அழுத்திக்கொண்டே இருப்பாள், மேகசின் முழுவதும் சுவருக்குப் போகும். எதிரி வந்து நிற்கும்போது கையில் வெறும் இரும்பு இருக்கும்.

ஆகையால் காதும் காதும் வைத்தாற்போல் சைலன்சரைக் கழற்றிவிட்டாள். கழற்றியதும் துப்பாக்கி இடி மாதிரி முழங்கியது. ஒவ்வொரு குண்டும் அவள் நெஞ்சுக்கூட்டில் தட்டியது. மனதுக்கு நிம்மதியாக இருந்தது. எதிராளிகளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, தேடும் வேலை மிச்சம்.

"யாரு சைலன்சர் போடாம சுடறது?" என்று தலைவி கத்துவாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்பாள் மூடிக்காரி. பின்னாலேயே அவள் துப்பாக்கி மறுபடி முழங்கும்.

"அண்ணி! பொய் சொல்றதுக்காவது சுடறத நிறுத்துங்க!"

இந்த நிலையில்தான் போட்டி வந்து சேர்ந்தது. மூன்றாம் மாடியில், இவர்கள் தலைக்கு நேர் மேலே, டயர்க்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள் நான்கு பேர் குடியிருந்தார்கள். அவர்களும் இதே விளையாட்டில் ஊறியவர்கள். மொட்டை மாடியில் வெயில் விழுகிற பக்கத்துக் கொடிக்கயிறு யாருக்கு என்று இரண்டு வீட்டுக்கும் நெடுநாளாக இழுபறி. டயர்க்கடைத் துணி காய்ந்தால் கயிற்றில் ரப்பர் வாடை ஏறிக்கொள்கிறது என்பது தலைவியின் புகார். "ஞாயித்துக்கெழம மூணு ரவுண்டு ஆடுவோம். ஜெயிக்கறவங்களுக்குக் கயிறு" என்று டயர்க்கடை மூத்தவர் படிக்கட்டில் வைத்துச் சவால் விட்டார். இடையில் வேண்டுமானால் ஒரு ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்றும் பேசிக்கொண்டார்கள்.

போட்டிக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம், ஆட்டம் முடிந்து மூவரும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். மூடிக்காரி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி அவள் முன்னாலேயே தணிந்த குரலில் பேசுவது அந்த வீட்டில் வழக்கம், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவளுக்குக் கேட்காதே என்ற தைரியம்தான். ஆனால் கொழுந்தனின் போன் மைக்கை அணைக்காமல் மேஜைமேல் திறந்தபடியே கிடந்தது. அவள் தலையில் ஹெட்செட் அப்படியே இருந்தது.

"எங்க ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கற பையன் சூப்பரா ஆடுவான். அண்ணிக்குப் பதிலா அவன சேத்துக்கலாம்" என்றது தலைவியின் குரல்.

"அண்ணி மனசு கஷ்டப்படும்" என்றான் கொழுந்தன்.

"போட்டிக்கு மட்டும்தான்."

"அப்புறமும் அவனத்தான் வச்சுக்குவ. எனக்கு உன்னத் தெரியாதா?"

தலைவி அதை மறுக்கவில்லை. "பெரியண்ணா, நீ என்ன சொல்ற?"

மூடிக்காரியின் கையில் தேய்க்கிற நார் நின்றது. வீட்டுக்காரரின் குரலுக்காகக் காத்திருந்தாள். அவர் தொண்டையைக் கனைத்தார், அவ்வளவுதான். ஒரு கேலிகூட வரவில்லை. மறுபடி அந்தச் சாப்பாட்டு மேஜை, அசைகிற வாய்கள், குனிகிற தலைகள்.

கொழுந்தன்தான் பேசினான். "ஆனா ஒண்ணும்மா. அண்ணி சுட்டா போதும், எதிராளி நாலு பேரும் இலவசமா ஏதோ தர்றாங்கன்னு கேள்விப்பட்ட மாதிரி அங்கயே ஓடறானுங்க. நாம எங்க நிக்கறோம்னு ஒருத்தன்கூடத் திரும்பிப் பாக்கறதில்ல."

"அதத்தான் நானும் சொல்றேன்!"

மூடிக்காரி ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து நின்றாள். மூவரும் திடுக்கிட்டார்கள். ஹெட்செட்டைப் பார்த்தார்கள், மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் என்கிட்டதான் ஓடி வர்றாங்கன்னு தெரியுதில்ல?" என்று அவள் கேட்டாள், தெரு முழுக்கக் கேட்கும்படி. "அப்புறம் நீங்க எதுக்குய்யா அவங்கள ஊரெல்லாம் தேடுறீங்க? நான் இருக்கற எடத்துக்குப் பக்கத்துல ஒளிஞ்சுக்கிட்டு நில்லுங்களேன்!"

வீட்டுக்காரர் மெல்ல, "லிஃப்ட் வர்ற மாடி தெரிஞ்சா, படியேறி எதுக்குத் தேடணும்?" என்றார்.

தலைவி கடைக்குட்டியானாலும் மட்டி இல்லை. அவள் கண் சுருங்கியதைப் பார்த்தாலே தெரிந்தது, மூளைக்குள் சக்கரம் சுழல்கிறது. "போன எடுங்கண்ணி" என்றாள்.

அன்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மூடிக்காரியின் துப்பாக்கியை அடியிலிருந்து புதிதாகக் கட்டினார்கள். சைலன்சர் கிடையாது. வாயில் உதறலைத் தடுக்கும் ஒரு முனை. "சத்தம் இன்னும் அதிகமாகுமா?" என்று மூடிக்காரி ஆசையாகக் கேட்டாள். ஸ்கோப் கிடையாது, வாசல் அளவு தூரத்துக்கு எதற்கு தொலைநோக்கி, குறிபார்க்கச் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு போதும். அடியில் கைப்பிடி. மேகசின் இருப்பதிலேயே பெரியது.

"இதப் போட்டா மெதுவாத்தான் நடப்பீங்க."

"நான் எங்கடி நடக்கப்போறேன்? அவங்கதான வரப்போறாங்க."

மற்ற மூவருக்கும் சைலன்சர் அப்படியே. அவள் ஒரு படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்து சுடுவாள். ஓடி வருகிறவர்களைப் பக்கத்து அறைகளில் இருந்து மற்றவர்கள் சத்தமில்லாமல் கவனித்துக்கொள்வார்கள். பயிற்சியில் பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலைவி எக்ஸ்ரேக்காரனை விடவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனை வரவழைத்து, கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பாவம், அவன் தன் போனை மடியில் வைத்துக்கொண்டு, ரயில் வராத ஸ்டேஷனில் உட்கார்ந்தவன் போல இருந்தான்.

முதல் ரவுண்டைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மூடிக்காரி படிக்கட்டின் மேலிருந்து ஒரு சுற்றுச் சுட்டாள். மேலே டயர்க்கடை வீட்டுத் தரை அதிர நாற்காலிகள் நகர்ந்தன. சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் நான்கு சகோதரர்களும், ஒரே பஸ்ஸில் ஏறுகிறவர்கள் மாதிரி, முண்டியடித்துக்கொண்டு அந்தப் படிக்கட்டுக்குள் நுழைந்தார்கள். கொழுந்தனும் தலைவியும் 'புஸ் புஸ்' என்று முடித்தார்கள். வீட்டுக்காரருக்குச் சுட ஆள் மிச்சமில்லை. "எனக்கு ஒண்ணு வச்சிருக்கக் கூடாதா? பந்தியில கடைசி ஆளா உக்கார்ந்த மாதிரி இருக்கு" என்று குறைப்பட்டார்.

டயர்க்கடைக்காரர்கள் ஏமாந்தாலும் ஒரு தடவைக்கு மேல் ஏமாறுகிறவர்கள் இல்லை. இரண்டாம் ரவுண்டு தொடங்கியதும் மேல் ஜன்னலிலிருந்து மூத்தவரின் உறுமல் இறங்கி வந்தது. "இடி இடிக்கற பக்கம் போகாதீங்கடா! அது பொறி! இருட்டு மூலையாப் பாத்துத் தேடுங்க!" அப்படியே தேடினார்கள். கொழுந்தன் செத்தான். தலைவி செத்தாள். வீட்டுக்காரர், "நான் ஒளிஞ்சது ஒளிஞ்ச மாதிரியே இல்லையாம்" என்றபடி செத்தார். படிக்கட்டின் மேல் மூடிக்காரி மட்டும் உயிரோடு நின்றாள். முழங்கினாள், முழங்கினாள், ஈ காக்கை வரவில்லை. நேரம் முடிந்தபோது அந்தப் பக்கம் நான்கு பேர், இந்தப் பக்கம் ஒருத்தி. ரவுண்டு போயிற்று.

தலைவி படுக்கையறையிலிருந்து எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தாள். முகம் வேர்த்திருந்தது. "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நம்ம தந்திரம் அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. கடைசி ரவுண்டு மட்டும் இவரு ஆடட்டும்."

எக்ஸ்ரேக்காரன் எழுந்து நின்றான்.

மூடிக்காரி ஹெட்செட்டின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள், காற்றில் பறந்துவிடும் என்பதுபோல. "இதக் கழட்டச் சொல்றியா?"

"ஒரு ரவுண்டுக்குத்தானே அண்ணி."

"ஏம்மா, இதக் கழட்டினா நீங்க மூணு பேரும் எனக்கு யாரு தெரியுமா? சத்தத்த அணச்சுட்டு வச்ச டிவி. வாய் மட்டும் அசையும். நான் தினம் அந்த டிவி முன்னாடி உக்காந்து சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போறேன்." அவள் குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது. "உங்க அண்ணன் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாருன்னு எனக்கு இந்தக் கருமத்த மாட்டினப்புறம்தான் தெரியும்."

தலைவி, எத்தனையோ பேர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்ல முடியாமல் தவிப்பதைத் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கிறவள், தன் வீட்டு மேஜையில் ஒருத்தி அப்படித் தவிப்பதைப் பார்த்ததில்லை. பால்கனியிலிருந்து வீட்டுக்காரர் சொன்னார்: "மாத்தறதுன்னா என்னைய மாத்துங்க. நான் எப்படியும் சாகத்தான் போறேன்."

"யாரையும் மாத்தல" என்றாள் தலைவி. எக்ஸ்ரேக்காரன் உட்கார்ந்தான். அவனுக்கும் அதில் வருத்தமிருந்ததாகத் தெரியவில்லை. "சரி அண்ணி, இப்ப என்ன பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க."

"என் சத்தத்தக் கேட்டா அவங்க வரமாட்டாங்க. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"அப்ப நான் எங்க வேணா போலாமே!"

அந்த விளையாட்டில் எதிராளி எல்லோரையும் வீழ்த்துவது ஒரு வழி. நடுவில் இருக்கும் கிடங்குக்குள் ஒரு வட்டம் உண்டு, அதில் நின்று வட்டம் நிரம்பும்வரை தாக்குப்பிடித்தால் அதுவும் வெற்றி. யாரும் அதற்குத் துணிவதில்லை, நின்றால் செத்தார்கள் என்று அர்த்தம். மூடிக்காரி கிடுகிடுவென்று தன் துப்பாக்கியைப் பிரித்தாள். பெரிய மேகசின் வேண்டாம், கால் கனக்கும், சின்னதைப் போட்டாள். கைப்பிடி வேண்டாம். உதறலைத் தடுக்கும் முனையும் வேண்டாம், அவள் குறிபார்க்கப் போவதில்லை. இருந்த எல்லாவற்றையும் கழற்றிப் போட்டதும் சிப்பாய் கன்றுக்குட்டி மாதிரி துள்ளினான்.

"ஓடறதுன்னா சைலன்சராவது போட்டுக்கோங்கண்ணி!" என்று கெஞ்சினான் கொழுந்தன்.

"தம்பி, அதப் போட்டாத்தான் செத்தேன். சத்தம் வர்ற வரைக்கும்தான் என்னப் பொறின்னு நெனப்பாங்க."

கடைசி ரவுண்டு தொடங்கியது. மற்ற மூவரும் கண்காணாத மூலைகளுக்குப் போய்ச் சுருண்டார்கள். மூடிக்காரி நடுத் தெருவில், பட்டப்பகலில், வானத்தைச் சுட்டுக்கொண்டு ஓடினாள். தண்ணீர்த் தொட்டியைச் சுட்டாள், கடை ஷட்டரைச் சுட்டாள், உடைந்த கார்மேல் போகிற போக்கில் இரண்டு சுட்டாள். எதிராளிகளின் மேப்பில் சிவப்புப் புள்ளி ஊர்வலம் போயிற்று. மேலே மூத்தவர், "போகாதீங்கடா, போகாதீங்கடா" என்று தம்பிகளை அதட்டிக்கொண்டே இருந்தார். அவளுக்கு இருபுறமும் தெருவே காலியானது. மந்திரி வண்டி போனால்கூட அப்படி ஒதுங்கியிருக்கமாட்டார்கள்.

வட்டத்துக்குள் போய் நின்றாள். அது மெல்ல நிரம்பத் தொடங்கியது. சின்ன மேகசின், நொடியில் தீர்ந்துவிடும், மாற்றி மாற்றிச் சுட்டாள். மௌனமானால் சந்தேகம் வருமே! பாதி நிரம்பியது. முக்கால் நிரம்பியது. காதுக்குள் மூன்று பேரின் மூச்சும் அவளுக்குக் கேட்டது.

டயர்க்கடைக் கடைசித் தம்பிக்குப் பொறுக்கவில்லை. அவன் மட்டும் அண்ணன் பேச்சை மீறிக் கிடங்கு வாசலில் வந்து நின்றான். அந்த நேரம் பார்த்து அவள் துப்பாக்கியில் குண்டு தீர்ந்தது. முழக்கம் நின்றதும் நெஞ்சுக்கூடு காலியானது, பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. எதிரே ஒரு வாலிபன், கையில் நிறைய குண்டோடு. நடுவில் ஒருத்தி, கையில் வெறும் குழாயோடு. அவன் அவளைப் பார்த்தான். தன்னந்தனியாக, அசையாமல், ஒளியாமல் நிற்கிறாள்! இப்படியும் ஒருத்தி நிற்பாளா? பின்னால் மூன்று பேர் இல்லாமலா நிற்பாள்? அவன் சடாரென்று திரும்பித் தன் முதுகுப் பக்கம் பார்த்தான்.

அங்கே ஒருவரும் இல்லை. அவன் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் வட்டம் நிரம்பிவிட்டது.

வீட்டுக்குள் எழுந்த கூச்சலில் எக்ஸ்ரேக்காரன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். மேலேயிருந்து தடதடவென்று இறங்கி வந்த மூத்தவர் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். "என்னக்கா இது? பொறின்னா பொறியா இருக்கணும், ஆளுன்னா ஆளா இருக்கணும். நடுவுல மாத்தினா எப்படி?"

"நான் ஒண்ணும் மாத்தலையே. நீங்களாத்தான் பொறின்னீங்க!"

"கயித்த எடுத்துக்கோங்க. ஆனா அடுத்த மாசம் மறுபடி ஆடணும்."

"யாரு யாரு வருவீங்க?"

"நாங்க அதே நாலு பேரு. நீங்க?"

மூடிக்காரி தலைவியைப் பார்த்தாள். தலைவி தன் போனில் அணிப் பட்டியலை மூடிவிட்டு, அண்ணியின் முகத்துக்கு நேராக வந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்: "நாங்களும் அதே நாலு பேருதான்."

"அப்படின்னா எனக்கு ஒரு நிபந்தனை" என்றாள் மூடிக்காரி.

நிபந்தனை அன்று இரவே அமலுக்கு வந்தது. சாப்பாட்டு மேஜையில் நான்கு பேர், நான்கு ஹெட்செட், தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த நான்கு போன்கள். விளையாட்டைத் தொடங்காமல், அணி கூடி நிற்கிற முன்னறையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். திரையில் நான்கு சிப்பாய்கள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எதிரொலி வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். யாரும் வழக்கத்தைவிட உரக்கப் பேச வேண்டியிருக்கவில்லை. தலைவி சோற்றைப் பிசைந்துகொண்டே ஆஸ்பத்திரிக் கதையை ஆரம்பித்தாள்.

"நேத்து ஒரு பெரியவரு. டாக்டர் பல்ல எடுக்க எடுக்க ஏதோ சொல்லணும்னு துடிக்கிறாரு. வாய் நெறைய பஞ்சு, என் குழாய் வேற. 'அசையாதீங்க, அசையாதீங்க'ன்னு நான் அதட்டுறேன். எல்லாம் முடிஞ்சு வாயக் கொப்புளிச்சுட்டு மரியாதையாச் சொல்றாரு, 'அம்மா, வலிக்கறது அந்தப் பக்கத்துப் பல்லு'ன்னு."

"அப்புறம்?" என்றாள் மூடிக்காரி.

"அப்புறம் என்ன, டாக்டர் என்னப் பாக்கறாரு, நான் குழாயப் பாக்கறேன்."

வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலை நிமிராமல், வழக்கம்போல யாருக்கும் இல்லாமல் முணுமுணுத்தார்: "பெரியவரு மறுபடி வந்தா தப்பான காலுக்கு செருப்பு போட்டுட்டு வருவாரு. கேட்டா, உங்ககிட்ட கத்துக்கிட்டேம்பாரு."

மூடிக்காரிக்குச் சோறு புரையேறியது. கொழுந்தன் தண்ணீர் ஜாடியை எடுக்க, சாய்ந்திருந்த போன்கள் எல்லாம் மேஜையில் சரிந்தன.

"முழுங்கிட்டுச் சிரிங்கண்ணி!" என்று தலைவி கத்தினாள். அவளோ கண்ணில் நீர் வழிய, மேஜையைத் தட்டிக்கொண்டு, "என்னங்க, இன்னொண்ணு சொல்லுங்க" என்றாள்.